இயற்பியலுக்குத் தேய்மானம் உண்டா?

பாசத்துக்கும் பயத்துக்கும் உரிய அக்காவுக்கு,

தம்பி பணிவோடு எழுதிக்கொண்டது. இங்கே நான், உன் தம்பி பெண்டாட்டி, என் பெண்ணாகிய உன் மருமகள் மூன்று பேரும் உடம்பளவில் சௌக்கியம். மனசளவில் எப்படி என்பதை இனி வரும் பக்கங்களில் நீயே தெரிந்துகொள்வாய். மாமாவின் முழங்கால் மடங்குகிறதா, மடங்கினால் திரும்ப நிமிர்கிறதா என்று எழுதவும். உன் குழாய்க் கடையில் வியாபாரம் நன்றாக நடப்பதாக மாமா சொன்னார். அதை நீ மறுப்பாய் என்பதும் எனக்குத் தெரியும்.

இதையெல்லாம் போனிலேயே சொல்லியிருக்கலாம்தான். ஆனால் போனில் உன்னோடு பேசினால் பாதியில் நீ யாருக்காவது விலை சொல்லப் போய்விடுகிறாய். போன தடவை உன் மருமகளின் எதிர்காலம் என்ன என்று நான் கேட்டதற்கு "முக்கால் அங்குலம், பித்தளை" என்று பதில் வந்தது. அதனால்தான் கடிதம். கல்லாவில் வைத்துப் படிக்காமல் வீட்டுக்குக் கொண்டுபோய்ப் படி.

விஷயம் உனக்குத் தெரிந்ததுதான். உன் மருமகளுக்கு இரண்டு இடத்தில் சீட்டு கிடைத்திருக்கிறது. ஒன்று இயற்பியல், அவள் கேட்டது. இன்னொன்று கணக்கியல், நான் கேட்டது. வருகிற வெள்ளிக்கிழமைக்குள் இரண்டில் ஒன்றுக்குப் பணம் கட்ட வேண்டும். கட்டாவிட்டால் இரண்டும் போய்விடும். நீ என்ன சொன்னாய்? "இயற்பியலுக்குன்னா பாதிப் பணம் நான் தர்றேன். ஆனா போட்ட காசு எத்தனை வருஷத்துல திரும்பும்னு நீ விசாரிச்சுச் சொல்லு. ஊர்ல நசுங்கின வண்டிக்கெல்லாம் விலை சொல்றவன்தானே நீ" என்றாய். நீ கிண்டலாகத்தான் சொல்லியிருப்பாய். நான் அதை உத்தரவாக எடுத்துக்கொண்டேன். அன்றிலிருந்து நான் அலைந்த அலைச்சலும் பட்ட அவமானமும் உன் கணக்கில்தான் சேரும்.

முதலில் இணையத்தில் பார்த்தேன். ஒரு பக்கத்தில் இயற்பியல் படித்தவர்களுக்குத்தான் உலகத்திலேயே நல்ல சம்பளம் என்று போட்டிருக்கிறது. அடுத்த பக்கத்தில் அதே ஆட்கள் வேலை கிடைக்காமல் திண்டாடுகிறார்கள். எல்லாவற்றுக்கும் கீழே சராசரி வருமானம் என்று ஒரு தொகை. அக்கா, இத்தனை வருஷத்தில் எத்தனையோ வண்டி பார்த்துவிட்டேன், சராசரி வண்டி என்று ஒன்றைப் பார்த்ததே இல்லை. அதனால் என் தொழில் முறைப்படியே போவது என்று முடிவு செய்தேன். விபத்தில் அடிபட்ட வண்டிக்கு இன்சூரன்ஸ் கம்பெனிக்காக மதிப்பு எழுத வேண்டுமென்றால் மற்றவர்கள் விலைப் புத்தகத்தைப் புரட்டுவார்கள். நான் அப்படிச் செய்வதில்லை. அதே மாடலில் மூன்று வண்டியைத் தேடிப்பிடிப்பேன். ஒன்று புதிது, ஒன்று நடுவயது, ஒன்று பழையது. மூன்றையும் நேரில் பார்த்து, சொந்தக்காரரிடம் பேசி, சக்கரத்தை ஒரு உதை உதைத்துவிட்டுத்தான் பேனாவைத் திறப்பேன். இயற்பியல் பட்டத்துக்கும் அதே முறைதான். புது பட்டதாரி ஒருவர், நடுவயதுப் பட்டதாரி ஒருவர், பழைய பட்டதாரி ஒருவர்.

கிளம்புவதற்கு முன் சாப்பாட்டு மேஜையில் ஒரு முன்மதிப்பீடு சொன்னேன். மூன்று வருஷப் படிப்புச் செலவு ஒரு நடுத்தரக் காரின் விலை. கணக்கியல் என்றால் நல்ல மோட்டார் சைக்கிளோடு முடிந்துவிடும். கார் என்றால் தேய்மானம் உண்டு. வெளியே எடுத்த முதல் வருஷம் ஐந்தில் ஒரு பங்கு போய்விடும், அப்புறம் வருஷா வருஷம் குறையும், பத்து வருஷத்தில் இரும்பு விலைதான் மிஞ்சும் என்றேன். உன் மருமகள் கரண்டியைக் கீழே வைத்தாள். அவள் கரண்டியைக் கீழே வைத்தால் சாப்பாடு ஆறிவிடும் என்று உனக்குத் தெரியும்.

"வண்டி ஓட ஓட டயர் தேயும்பா. படிப்பு ஓட ஓட எது தேயும்?"

"மூளை," என்றேன்.

"அப்ப ஓட்டாம ஷெட்லயே வெச்சிருந்தா புதுசாவே இருக்குமா? எங்க கிளாஸ்ல ரெண்டு பேர் அப்படித்தான் வெச்சிருக்காங்க."

அதோடு விட்டாளா? தேய்மானத்தை வருஷத்தால் கணக்குப் பார்ப்பது தப்பு, ஓடிய தூரத்தால் பார்க்க வேண்டும் என்று ஒரு வாதம். தூரத்தால் பார்த்தாலும் தப்பு, சும்மா நிற்கிற வண்டியில் பேட்டரி போய்விடுமே என்று அவளே அதை மறுத்து இன்னொரு வாதம். நான் வாயைத் திறக்காமலேயே என் கட்சியையும் சேர்த்து அவளே பேசித் தோற்கடித்தாள். உன் தம்பி பெண்டாட்டி மட்டும், "பெத்த பொண்ணை எதிர்ல உட்கார வெச்சுக்கிட்டு இரும்பு விலை போடற அப்பனை இன்னிக்குத்தான் பார்க்கிறேன்" என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டாள்.

முதலில் புது வண்டி. எங்கள் ஆபீசில் என் எதிர் மேஜைக்காரரின் பையன் இயற்பியல் முடித்து ஒரு வங்கியின் தலைமை அலுவலகத்தில் உட்கார்ந்திருக்கிறான். மாடிக்கு மேல் மாடி, எல்லாம் கண்ணாடி. ஒரு கூடம் நிறைய ஆட்கள், எல்லார் காதிலும் கருவி, ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பதில்லை. கடன் வாங்குகிறவர்களில் எத்தனை பேர் திருப்பிக் கட்ட மாட்டார்கள் என்று முன்கூட்டியே கணக்குப் போடுவதுதான் அவன் வேலையாம். சம்பளத்தைக் கேட்டேன். கூச்சமே இல்லாமல் சொன்னான். நான் மேஜையைப் பிடித்துக்கொண்டேன்.

"இதுல இயற்பியல் எங்கப்பா வருது?"

"எங்கயும் வராது அங்கிள். முன்னபின்ன பார்க்காத கணக்கைக் கொண்டாந்து போட்டாலும் மெரளாம உட்கார்ந்து பிரிச்சுப் பார்ப்பேன். அதுக்குத்தான் சம்பளம்."

"பக்கத்து சீட்டுக்காரர் என்ன படிச்சிருக்கார்?"

"அவரா? இசை."

"அவருக்கு எவ்வளவு?"

"என்னைவிடக் கொஞ்சம் ஜாஸ்தி."

இதை எப்படி எழுதுவது, சொல். ஒரு வண்டி நன்றாக ஓடுகிறது, அது எஞ்சினால் ஓடுகிறதா, ஊற்றின பெட்ரோலால் ஓடுகிறதா, இறக்கமான சாலையால் ஓடுகிறதா என்று தெரிய வேண்டாமா? அந்தப் பையனைப் பார்த்தால் எதைப் படித்திருந்தாலும் அந்த நாற்காலிக்குத்தான் வந்து சேர்ந்திருப்பான் போலிருக்கிறது. அப்படியானால் சம்பளத்தில் பட்டத்துக்கு எவ்வளவு பங்கு, பையனுக்கு எவ்வளவு பங்கு? இதை யோசித்துக்கொண்டே பழக்க தோஷத்தில் பக்கத்தில் இருந்த ஒரு சக்கரத்தை லேசாக ஒரு உதை உதைத்துவிட்டேன். அது நாற்காலியின் சக்கரம். நாற்காலியில் அவன் மேலதிகாரி உட்கார்ந்திருந்தார். அந்தத் தரை நல்ல வழவழப்பு. அவர் காதில் கருவியோடு, திரும்பிக்கூடப் பார்க்காமல், மெதுவாக மிதந்து போய்க் கண்ணாடிச் சுவரில் நின்றார். பையன் என்னை அவசரமாக மின்தூக்கிக்கு அழைத்துப் போனான். கதவு மூடுவதற்கு முன் அவன் கேட்ட கேள்விதான் இன்னும் குடைகிறது. "அங்கிள், நீங்க விலை போட்ட வண்டி அப்புறம் எவ்வளவுக்கு வித்துச்சுன்னு திரும்பப் போய்ப் பார்ப்பீங்களா?" நான் இல்லை என்றேன். "அப்ப நீங்க சரியாத்தான் போடறீங்கன்னு எப்படித் தெரியும்?" என்றான். கதவு மூடிவிட்டது. அக்கா, இந்தத் தொழிலில் என் தலை நரைத்துவிட்டது, இதை ஒருத்தரும் என்னிடம் கேட்டதில்லை. மறுநாள் ஆபீசில் பழைய கோப்புகளை எடுத்துப் பார்க்க ஆரம்பித்தேன். அதில் தெரிந்ததை இங்கே எழுதுவதாக இல்லை. சிவப்பு வண்டி என்றால் எனக்குக் கொஞ்சம் கை தாராளம் என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

அடுத்தது நடு வண்டி. பெரிய ஆஸ்பத்திரியில் புற்றுநோய்க்குக் கதிர்வீச்சு கொடுக்கும் பிரிவில் ஒரு அம்மா இருக்கிறார். டாக்டர் இல்லை, இயற்பியல் படித்தவர். எந்த இடத்தில், எவ்வளவு கதிர் விழ வேண்டும் என்று கணக்கிடுவது அவர் பொறுப்பு. வரவேற்பு மேஜையில் இருந்த பெண்ணிடம் நான் சொன்னது இவ்வளவுதான்: "கதிர்வீச்சுப் பிரிவுல இருக்கிற இயற்பியல் நிபுணரைப் பார்க்கணும். என் பொண்ணு விஷயமா." அந்தப் பெண்ணின் முகம் மாறிவிட்டது. எழுந்து வந்து என்னைக் கையைப் பிடித்து உட்கார வைத்தாள். டீ வந்தது, பிஸ்கட் வந்தது. எங்கள் ஆபீசில் யாரும் எனக்கு டீ கொடுத்ததில்லை, நானும் நல்ல ஆஸ்பத்திரி என்று நினைத்துக் குடித்துக்கொண்டிருந்தேன். கொஞ்ச நேரத்தில் மெல்லிய குரலில் பேசும் ஒரு அம்மா பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"பொண்ணுக்கு என்ன வயசுங்க?"

"பதினெட்டு ஆகப்போகுது."

அவர் கண்ணை மூடித் திறந்தார். "எப்பத் தெரிஞ்சுது?"

"போன மாசம்தான் வாயைத் திறந்து சொன்னா. ஆனா ஸ்கூல்லயே ஆரம்பிச்சிருக்கு. நாங்கதான் கவனிக்கல."

"உங்க மேல தப்பு இல்லைங்க. நிறைய பேர் ஆரம்பத்துல கவனிக்கிறது இல்ல. எவ்வளவு நாள்னு ஏதாவது சொன்னாங்களா?"

"மூணு வருஷம்ங்கறாங்க. ஆனா அதுக்கு மேல ரெண்டு வருஷம் போனாத்தான் பிரயோஜனமாம்."

"அவங்க எப்படி இருக்காங்க? தைரியமா இருக்காங்களா?"

"அவளுக்கென்ன, சந்தோஷமா இருக்கா. எங்களுக்குத்தான் பயம்."

அந்த அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு என் கையில் ஒரு சின்னப் புத்தகத்தைக் கொடுத்தார். அட்டையில் தலைமுடி இல்லாத ஒரு குழந்தை சிரித்துக்கொண்டிருந்தது. அப்போதுதான் எனக்கு உறைத்தது. எதிர் வரிசையில் உன் மருமகள் வயதில் ஒரு பெண், கம்பளித் தொப்பி போட்டுக்கொண்டு, அவள் அப்பாவோடு ஆளுக்கொரு காதில் பாட்டுக் கேட்டுக்கொண்டிருந்தாள். அந்த மனிதர் என்னைப் பார்த்துத் தலையை அசைத்தார், நீயும் நம்ம ஆள்தானா என்பதுபோல. அக்கா, எனக்கு வெட்கமாக இருந்தது, அதைவிட அதிகமாகப் பயமாக இருந்தது. என் பெண் நல்ல உடம்போடு வீட்டில் உட்கார்ந்து என்னைத் திட்டிக்கொண்டிருக்கிறாள் என்று நினைத்ததும் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. தன் ஆறுதல் வேலை செய்கிறது என்று அந்த அம்மா இன்னொரு டீ சொன்னார். உண்மையைச் சொல்லிவிட்டு வெளியே ஓடிவிடலாம் என்று எழுந்தபோதுதான் நிபுணர் அம்மாவே வந்துவிட்டார்.

நடந்ததைச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை, கோபிக்கவும் இல்லை. "வந்தது வந்துட்டீங்க, பாருங்க" என்று அடித்தளத்துக்கு அழைத்துப் போனார். ஜன்னல் இல்லாத அறை, என் தோள் அகலத்துக்குக் கதவு கனம். நோயாளிகள் வருவதற்கு முன்னால் ஒரு தண்ணீர்த் தொட்டிக்குள் அளவுகருவியை இறக்கி எந்திரத்தைச் சரிபார்க்கிறார்களாம். ஏன் தண்ணீர் என்றேன். "கதிரைப் பொறுத்தவரைக்கும் மனுஷ உடம்பும் தண்ணியும் கிட்டத்தட்ட ஒண்ணுதாங்க. உங்களுக்குப் பதிலா அந்தத் தொட்டி" என்றார். நான் அந்தத் தொட்டியை ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டு நின்றேன். கண்ணுக்கே தெரியாத ஒன்று சரியான இடத்தில்தான் விழுகிறது என்று எப்படி நம்புவது என்று கேட்டேன். "நம்ப மாட்டோம். தினமும் அளந்து பார்ப்போம்" என்றார். சம்பளம் கேட்டேன், சொன்னார். நல்ல சம்பளம், நிரந்தரம். ஆனால் வெறும் மூன்று வருஷப் பட்டத்துக்கு அந்தக் கதவு திறக்காதாம். மேலே இரண்டு வருஷம், அப்புறம் பயிற்சி. அதாவது காருக்கு மேலே இன்னொரு மோட்டார் சைக்கிள். வரும்போது வரவேற்புப் பெண்ணிடம் என் பெண்ணுக்கு ஒன்றுமில்லை என்று சொன்னேன். "அப்படியே நெனச்சுக்கோங்க, அதுதான் நல்லது" என்று தோளில் தட்டி அனுப்பினாள்.

மூன்றாவது பழைய வண்டி. நான் கோட்டு வெளுக்கப் போடும் சலவைக் கடைக்காரர் அந்தக் காலத்து இயற்பியல் பட்டதாரி என்று உன் தம்பி பெண்டாட்டி சொல்லித்தான் தெரியும். படித்து முடித்த வருஷம் அவர் அப்பா படுத்துவிட்டார், கடைக்கு வந்தவர் அப்படியே நின்றுவிட்டார். "இதுவரைக்கும் அந்தப் படிப்பால ஒத்தைக் காசு பார்த்தது இல்ல" என்று இஸ்திரிப் பெட்டியை நகர்த்திக்கொண்டே சொன்னார். சரி, முழுச் சேதம் என்று மனசுக்குள் எழுதிக்கொண்டு, வழக்கமாகக் கேட்கும் கடைசிக் கேள்வியைக் கேட்டேன்.

"இப்ப யாராவது வந்து அதை உங்க தலையிலேர்ந்து எடுத்துக்கறேன்னா, என்ன வெலைக்குக் கொடுப்பீங்க?"

அவர் யோசிக்கவே இல்லை. "ஒரு சைக்கிள் வாங்கற காசு கொடுத்தா போதும். எடுத்துக்கிட்டுப் போகட்டும்."

அத்தோடு வந்திருக்க வேண்டும். சட்டை மேல் அவர் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தார். தண்ணீர் விழுந்த இடமெல்லாம் கறுத்தது. தண்ணீருக்குத்தான் நிறமே கிடையாதே, அப்புறம் ஈரத்துணி ஏன் கறுப்பாகத் தெரிகிறது என்று சும்மா கேட்டுவைத்தேன். மனுஷர் இஸ்திரிப் பெட்டியை அப்படியே விட்டுவிட்டு என் பக்கம் திரும்பிவிட்டார்.

"காய்ஞ்ச துணியில நூலுக்கு நூல் நடுவுல காத்து இருக்குங்க. வெளிச்சம் அதுல பட்டுப் பட்டுத் தெறிச்சு உங்க கண்ணுக்கே திரும்பி வந்துடுது, அதான் வெளுப்பாத் தெரியுது. அந்த எடத்துல தண்ணி பூந்துட்டா அவ்வளவா தெறிக்காது. வெளிச்சம் உள்ள போய் அங்கயே மாட்டிக்குது. திரும்பி வர்றது கம்மி, அதான் இருட்டு."

அக்கா, எங்கள் தொழிலில் சேர்ந்த அன்றே சொல்லிக்கொடுக்கிற விதி ஒன்று உண்டு. மழையில் நனைந்த வண்டிக்கு விலை எழுதாதே. ஈரத்தில் பழைய பெயிண்ட்கூடப் புதுசு மாதிரி மின்னும், கீறல் கண்ணுக்குத் தெரியாது, காயட்டும் என்று காத்திருந்துதான் பார்க்க வேண்டும். எத்தனையோ தடவை குடையைப் பிடித்துக்கொண்டு காத்திருக்கிறேன். ஏன் என்று ஒரு நாளும் கேட்டதில்லை. அதை அவரிடம் சொன்னேன். "அதே கதைதாங்க. பெயிண்ட் மேல நுணுக்கு நுணுக்கா கீறல் இருக்கும், அதுல பட்டு வெளிச்சம் கண்டபடி சிதறும், அதான் மங்கல். தண்ணி போய்க் கீறலை நெரப்பிட்டா மேல வழவழன்னு ஆயிடுது" என்று சொல்லிக்கொண்டே போனார். நாலு வாடிக்கையாளர்கள் நின்று பார்த்துவிட்டுத் துணியை மேஜை மேலேயே வைத்துவிட்டுப் போனார்கள். ஒரு சட்டைக்காலர் தீய்ந்த வாசனை வந்தது, இருவருமே அதைக் கண்டுகொள்ளவில்லை.

மறுநாள் பட்டறையில் ஒரு வண்டியின் எஞ்சின் மூடியில் பாதியை ஈரக் கைக்குட்டையால் துடைத்து, பாதியைக் காயவிட்டு, குனிந்து குனிந்து பார்த்துக்கொண்டிருந்தேன். ஈரப் பக்கத்தில் கீறலே இல்லை. காயக் காய ஒவ்வொன்றாக வெளியே வந்தது. அவ்வளவு அழகாக இருந்தது. வண்டிக்காரர் என்னைத் துடைக்கிற ஆள் என்று நினைத்துச் சட்டைப் பையில் காசைச் செருகிவிட்டு, "அந்தப் பக்கமும் தொடச்சுடுப்பா" என்றார். துடைத்தேன். பார்க்க வேண்டியிருந்ததே.

சலவைக் கடைக்காரர், நான் போய்வந்த அன்று சாயங்காலமே போன் செய்திருந்தார். "சைக்கிள் வெலை சொன்னேன்ல, அது வேணாம். மோட்டார் சைக்கிள் வெலைன்னு எழுதிக்கோங்க" என்றார். வாங்குவதற்கு ஆள் யாரும் இல்லை, வெறும் பேச்சுக்குக் கேட்டேன் என்றேன். "இருந்தாலும் எழுதிக்கோங்க." மறுநாள் காலையில் கார். மத்தியானம் கடையையும் சேர்த்து எழுதினாலும் கட்டுப்படியாகாது என்றார். கடைசியில் அவர் மனைவி போனை வாங்கி, "ஐயா, நீங்க போனதிலேர்ந்து இவரு ஒரு துணி தேய்க்கல. வர்றவங்களுக்கெல்லாம் ஈரத்துணியைக் காட்டிக்கிட்டு நிக்கறாரு. தயவு பண்ணி அதைச் சும்மாவே எடுத்துக்கிட்டுப் போயிடுங்க" என்றார்.

ஆக, மதிப்பீட்டுக்கு வருகிறேன். மூன்று வண்டி பார்த்தாயிற்று. ஒன்று பிரமாதமாக ஓடுகிறது, ஆனால் ஓடுவதற்கு இயற்பியல்தான் காரணம் என்று என்னால் சத்தியம் செய்ய முடியாது. இன்னொன்று நன்றாக ஓடுகிறது, ஆனால் மேற்கொண்டு செலவு செய்தால்தான் ஓடும். மூன்றாவது ஒரு நாளும் ஓடியதில்லை, ஆனால் சொந்தக்காரர் விற்க மாட்டேன் என்கிறார். இதில் தேய்மானம் எங்கே போடுவது என்றே எனக்குப் பிடிபடவில்லை. நான் பார்த்தவரையில் இரண்டு பேரிடம் அது வருஷம் ஆக ஆக ஏறிக்கொண்டிருக்கிறது. ஆனால் இதையெல்லாம் எழுதினால் எந்தக் கம்பெனியும் பணம் தராது, நீயும் தரக் கூடாது. கணக்கியல் முடித்தவுடன் வேலை. உன் மருமகள் இயற்பியலில் முதல் சம்பளம் வாங்குவதற்குள் கணக்கியல் படித்தவள் கடன் இல்லாமல் கார் வாங்கிவிடுவாள். எனக்கு வேலை இன்னும் எத்தனை வருஷத்துக்கோ, தெரியாது. அவள் ஒரு நாள் ஜன்னல் இல்லாத வாழ்க்கையில் மாட்டிக்கொண்டு, அப்பா ஏன் தடுக்கவில்லை என்று கேட்டுவிடக் கூடாது. அந்தப் பயம்தான் எனக்கு, வேறொன்றுமில்லை.

ஆகவே அக்கா, ஒரு உதவி செய். இயற்பியலுக்குப் பணம் தர முடியாது என்று நீயே அவளிடம் சொல்லிவிடு. நான் சொன்னால் சண்டைக்கு வருவாள், சண்டையில் ஜெயித்தும்விடுவாள். நீ சொன்னால் கேட்பாள். நீ போனில் சொல்லும்போது நான் பக்கத்தில் நின்று "அத்தை இப்படிச் சொல்லிட்டாங்களே" என்று ரொம்பவும் வருத்தப்படுகிறேன். உன் பெயர் கொஞ்சம் கெடும். ஆனால் நீ கடைக்காரி, உனக்கு அது பழக்கம்.

மாமாவுக்கு என் நமஸ்காரம். முழங்காலுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுக்கவும், ஆனால் ஈரத்தோல் ஏன் நிறம் மாறுகிறது என்று அவர் கேட்டால் பதில் சொல்ல ஆரம்பிக்காதே, நிற்காது. பெரியவர்களாகிய உங்கள் இருவரின் ஆசீர்வாதமும் எங்கள் மூன்று பேர் தலைமேலும் இருக்கட்டும். குறிப்பாக என் தலைமேல்.

இப்படிக்கு,
என்றும் உன் சொல் தட்டாத தம்பி

பின்குறிப்பு: மேலே எழுதியதை உறையில் போட்டு ஒட்டியும்விட்டேன். பிரித்துத்தான் இதைச் சேர்க்கிறேன், அதனால்தான் உறை இப்படிக் கிழிந்திருக்கிறது.

நேற்று சாப்பிடும்போது, உன் போன் வருவதற்கு முன்னால் கொஞ்சம் அடித்தளம் போட்டு வைக்கலாம் என்று, கணக்கியல் பக்கம்தான் கணக்கு சரியாக வருகிறது என்று ஆரம்பித்தேன். அவள் கரண்டியைக் கீழே வைப்பாள் என்று காத்திருந்தேன். வைக்கவில்லை.

"சரிப்பா. கணக்கியலே எடுத்துக்கறேன்," என்றாள்.

"ஏன்?"

"நீங்க சொல்றது சரிதான்."

அவ்வளவுதான். சாப்பிட்டு முடித்தாள், தட்டைக் கழுவினாள், எனக்குத் தண்ணீர்கூட எடுத்து வைத்துவிட்டு உள்ளே போனாள். உன் தம்பி பெண்டாட்டி என்னைப் பார்த்தாள். நான் சுவரைப் பார்த்தேன்.

அக்கா, என் தொழிலில் இரண்டு விதமான ஆட்களைப் பார்த்திருக்கிறேன். நான் ஒரு விலை சொன்னதும் குதிக்கிறவர்கள் உண்டு. போன மாசம்தான் டயர் மாற்றினேன், சீட்டு புதுசு, எஞ்சின் சத்தத்தைக் கேட்டுப் பாருங்கள் என்று என் சட்டையைப் பிடிக்காத குறையாகச் சண்டை போடுவார்கள். அவர்களுக்கு அந்த வண்டி வேண்டும். இன்னொரு விதம், "சரி, எங்க கையெழுத்துப் போடணும்?" என்று கேட்கிறவர்கள். அவர்கள் மனசுக்குள் அந்த வண்டியை எப்போதோ கைகழுவிவிட்டார்கள். அந்த ஆட்கள் வந்தால் எனக்கு வேலை சீக்கிரம் முடியும், சந்தோஷமாகக் கோப்பை மூடுவேன். நேற்று என் பெண் அப்படிக் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனாள். எனக்குச் சோறு இறங்கவில்லை.

காலையில் முதல் ஆளாகப் போய் வரிசையில் நின்றேன். எந்தப் பாடம் என்று கேட்டார்கள். இயற்பியல் என்று நான் சொன்ன சத்தத்தில் பின்னால் நின்றவர்கள் எட்டிப் பார்த்தார்கள். முதல் வருஷப் பணம் முழுவதையும் கட்டிவிட்டேன். வீட்டுக்கு வந்து ரசீதை அவள் கையில் கொடுத்தேன். பார்த்தாள், திருப்பிப் பார்த்தாள்.

"அப்பா, நான் கட்டணச் சலுகைக்கு அப்ளை பண்ணியிருந்தேன். முடிவு வர்றதுக்கு முன்னாடி முழுசாக் கட்டிட்டா இந்த வருஷத்துக்குக் கெடைக்காது. யாரைக் கேட்டுக் கட்டினீங்க? வெள்ளிக்கிழமை வரைக்கும் டைம் இருக்குல்ல? காசு விஷயத்துல இவ்வளவு அவசரப்படறவரை நம்பி ஊர்ல வண்டிக்கெல்லாம் எப்படி வெலை கேட்கறாங்க?"

அதனால் பாதிப் பணத்தை மறுக்காமல் உடனே அனுப்பு. சலுகை போனதால் பாதியைவிடக் கொஞ்சம் கூடவே அனுப்பு. அவளிடம் நீ ஒன்றும் சொல்ல வேண்டாம், சொல்லவும் முடியாது, அவள் இப்போது யாரையும் பேச விடுவதில்லை. இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே அடுத்த அறையில் அம்மாவையும் கட்சி சேர்த்துக்கொண்டு என்னைத் திட்டிக்கொண்டிருக்கிறாள். கதவை நான்தான் திறந்து வைத்திருக்கிறேன்.